வேலையில்லாத மாதங்களில் உப்பளத்து வீடு

சென்னையிலோ ஒரகடத்திலோ பெங்களூருவிலோ வேலை போய், இனி வாடகை கட்டிக் கட்டுப்படியாகாது என்று கணவனும் மனைவியுமாகப் புதுச்சேரி உப்பளத்துப் பெற்றோர் வீட்டுக்குத் திரும்புகிறவர்களுக்காக இந்த அத்தியாயம். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று சொல்லித்தான் எல்லோரும் வருகிறார்கள். அந்தக் கொஞ்ச நாள் மூன்று மாதமா ஒன்றரை வருடமா என்பது உங்கள் கையில் முழுதாக இல்லை. அந்த மாதங்களை வீடு எப்படிக் கடக்கும் என்பது பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது, அதுவும் வந்த முதல் பத்து நாளில். அதனால் அந்தப் பத்து நாளுக்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

உப்பளத்துக்கு வேலை இழப்பு புதிதல்ல. பக்கத்து முதலியார்பேட்டையில் 1898-இல் தொடங்கிய ரோடியர் மில், பிறகு ஏ.எஃப்.டி. என்று பெயர் பெற்றது. 2011 டிசம்பர் 30 அன்று அடித்த தானே புயலில் பெரும் சேதம் கண்டு, பாதிச் சம்பள லே-ஆஃப் காலத்தை இழுத்துக்கொண்டு, 2020 ஏப்ரல் 30-உடன் மூடப்பட்டது. சுதேசி, பாரதி மில்களின் கதையும் அப்படித்தான் முடிந்தது. ரயில் நிலையம் இருக்கும் சாலைக்கே, மில் தொழிலாளர்களைத் திரட்டிய வ.சுப்பையாவின் பெயர்தான். உங்கள் அப்பாவோ பெரியப்பாவோ எதிர்வீட்டுக்காரரோ லே-ஆஃப் பார்த்தவராக இருக்கக்கூடும். ஆகவே நடந்ததை மறைத்து, "லீவுல வந்திருக்கோம்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டாம். இந்தத் தெருக்களில் அது நான்கு நாள்கூடத் தாங்காது. தெரிந்த பிறகு வருகிற வருத்தம், வேலை போனதற்கான வருத்தத்தைவிடப் பெரிதாக இருக்கும்.

கிளம்புவதற்கு முன்

1. வீட்டுக்குச் சொல்லும் முதல் ஃபோனைப் பிள்ளைதான் செய்ய வேண்டும். மருமகள் வழியாகவோ தங்கை வழியாகவோ செய்தி போகக் கூடாது. மூன்று விஷயம் சொல்லுங்கள்: வேலை போய்விட்டது, இந்தத் தேதியில் வருகிறோம், கையில் இத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது.

2. அண்ணனோ தம்பியோ குடும்பத்தோடு அதே வீட்டில் இருந்தால் அவருக்குத் தனியாக ஒரு ஃபோன். அம்மா சொல்லித் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். "பங்கு கேக்க வர்றாங்களோ" என்ற எண்ணம் அவர் மனைவிக்கு வருவது இயல்பு. அதை நீங்களே முதலில் பேசித் தீர்த்துவிடுங்கள்: "அண்ணே, வீட்டுப் பேச்சு எதுவும் இல்ல. வேலை கிடைக்கிறவரைக்கும் மாடி ரூம்ல இருந்துக்குறோம்."

3. நிறுவனத்திலிருந்து வாங்க வேண்டியதை ஊரில் இருக்கும்போதே வாங்குங்கள்: பணிவிடுப்புக் கடிதம், அனுபவச் சான்று, கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, படிவம் 16. வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் உங்கள் கடைசி வேலைநாளும் விலகிய காரணமும் பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். அது விடுபட்டால் பிறகு பணம் எடுக்கும்போது இழுபறியாகும்.

4. நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலைநாளோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிப் பாலிசியாக மாற்றிக்கொள்ள வழி உண்டு. விலகும் முன்பே கேளுங்கள். வயதான பெற்றோரையும் அந்தக் குழுக் காப்பீட்டில் சேர்த்திருந்தால் இது இரட்டிப்பு அவசரம்.

5. வாடகை வீட்டு அட்வான்ஸை எண்ணி வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள். "அக்கவுண்ட்ல போட்டுடறேன்" என்ற சொல்லை நம்பி லாரி ஏற்றியவர்கள் பலர் அந்தப் பணத்துக்காக மாதக்கணக்கில் அலைந்திருக்கிறார்கள்.

சாமான்

உப்பளத்து வீடுகள் பல குறுகலானவை. ஏற்கெனவே ஒரு ஃபிரிட்ஜ், ஒரு பீரோ, ஒரு கட்டில் இருக்கும் வீட்டுக்குள் இன்னொரு ஃபிரிட்ஜும் சோபாவும் வந்தால் முதல் சண்டை அன்றைக்கே ஆரம்பம். வாஷிங் மெஷின் பெற்றோர் வீட்டில் இல்லையென்றால் அதைக் கொண்டுவாருங்கள். எல்லோருக்கும் பயன்படும். மற்ற பெரிய சாமானை விற்றுவிடலாம், அல்லது இடவசதி உள்ள உறவினர் வீட்டில் வைக்கலாம். மாடியில் தார்ப்பாய் போட்டு மூடி வைப்பது கூடாது. கடற்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும்.

பாதுகாப்பு: 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 50 செ.மீ.க்குச் சற்றே குறைவான மழை கொட்டியது. தாழ்வான பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்கள் எந்தப் பெட்டியையும் தரையில் வைக்காதீர்கள். சான்றிதழ், பாஸ்போர்ட், நகை ரசீது, திருமணப் பதிவுச் சான்று எல்லாம் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில், பீரோவின் மேல் தட்டில். ஒவ்வொன்றையும் ஃபோனில் படம் எடுத்து இருவருடைய மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள்.

முதல் பத்து நாள்: உட்கார்ந்து பேசுவது

வந்த அன்றே பேச வேண்டாம். பயணக் களைப்பும், பேரப்பிள்ளை வந்த சந்தோஷமும் ஓயட்டும். மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள், இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு, வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் இருக்கும்போது பேசுங்கள். மருமகளும் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவளை அடுப்படியில் விட்டுவிட்டு ஆண்கள் முற்றத்தில் முடிவெடுக்கிற வழக்கத்தை இந்த ஒரு இரவாவது மாற்றுங்கள். அந்த முடிவுகளில் பெரும்பாலானவற்றை நாளெல்லாம் சுமக்கப் போவது அவள்தான்.

பேச வேண்டியவை இந்த வரிசையில்:

1. எவ்வளவு காலம். "வேலை கிடைக்கிற வரை" என்பது பதில் ஆகாது. "ஆறு மாதம் இருக்கிறோம். தை பிறந்ததும் மறுபடி உட்கார்ந்து பேசுவோம்" என்று ஒரு தேதியைச் சொல்லுங்கள். வேலை கிடைக்காவிட்டாலும் அந்தத் தேதியில் மறுபடி பேசத்தான் வேண்டும்.

2. பணம். இதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

3. எந்த அறை. கதவு உள்ள இடமாக இருக்கட்டும். அறை இல்லாவிட்டால் ஒரு மூலைக்குத் திரையாவது வேண்டும். கல்யாணமான இருவர் கூடத்தில் எல்லோருக்கும் நடுவே மாதக்கணக்கில் படுப்பது எந்தத் தாம்பத்தியத்துக்கும் நல்லதல்ல. இதைச் சொல்லக் கூச்சப்பட்டு மௌனமாக இருந்துவிடுகிறார்கள். அப்பாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் அக்காவிடம் சொல்லுங்கள். அவர் ஏற்பாடு செய்வார்.

4. குளியலறை, குழாய்த் தண்ணீர். பொதுப்பணித்துறைத் தண்ணீர் வருகிற நேரத்தில் யார் பிடிப்பது, காலையில் யார் முதலில் குளிப்பது. வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களுக்கே முன்னுரிமை. வீட்டில் இருக்கப் போகிற நீங்கள் கடைசியில் குளியுங்கள்.

ஒரு நோட்டில் நான்கு வரி எழுதி வையுங்கள். ஒப்பந்தம் போல வேண்டாம், மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கம் போதும்.

எவ்வளவு கொடுப்பது

பெற்றோர் வீட்டில் பணம் கொடுக்காமல் இருக்கலாம் என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் அதிகம் நடக்கும் தவறு. அம்மா கேட்க மாட்டார். ஆனால் மாதக் கடைசியில் அப்பா பென்ஷன் பணத்தை எண்ணும்போது உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். வேலை இல்லாதவனுக்கும் வீட்டில் தலைநிமிர்ந்து நடக்க ஏதாவது ஒன்று வேண்டும். சிறிய தொகையாக இருந்தாலும் அதை மாதாமாதம் கொடுப்பது அந்தத் தெம்பைத் தரும்.

கணக்குப் போடும் முறை:

1. நீங்கள் வருவதற்கு முந்தைய மூன்று மாதச் செலவை அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்: அரிசி, மளிகை, காய், மீன், பாண்லே பால், காஸ், கரண்டு பில்.

2. நீங்கள் வந்த முதல் முழு மாதச் செலவையும் அதே தலைப்புகளில் எழுதுங்கள்.

3. கூடிய தொகை முழுவதும் உங்களுடையது. எடுத்துக்காட்டாக, இருவருக்கு 11,000 ரூபாயில் ஓடிய வீடு நால்வருக்கு 16,500 ரூபாய் ஆனால், உங்கள் பங்கு 5,500.

4. மின்கட்டணத்தைத் தனியாகப் பாருங்கள். புதுச்சேரியில் 100, 200, 300 யூனிட் என்று படிப்படியாக ஒரு யூனிட்டின் விலை ஏறும். பகலெல்லாம் நீங்கள் வீட்டில் ஃபேன், ஏசி, லேப்டாப் என்று ஓட்டினால் வீடு மேல்படிக்குப் போய்விடும். யூனிட் இரட்டிப்பானால் தொகை இரட்டிப்பை விட அதிகமாகும். பில்லை நீங்களே கட்டுவதுதான் நியாயம்.

5. ஐந்தாம் தேதிக்குள் கொடுங்கள். அம்மா "வெச்சுக்கடா, உன் கைல இருக்கட்டும்" என்றால் திரும்பத் திரும்பக் கையில் திணிக்க வேண்டாம். கரண்டு பில்லையும் காஸையும் உங்கள் பொறுப்பாக்கிக்கொண்டு பேசாமல் கட்டிவிடுங்கள்.

கையில் பணமே குறைவு என்றால்? பால் மட்டுமாவது முழுதாக உங்களுடையதாக இருக்கட்டும். காலையில் பாண்லே பூத்துக்குப் போய் பாக்கெட் வாங்கி வருவதும் உங்கள் வேலை.

எச்சரிக்கை: செட்டில்மெண்ட் பணம் கைக்கு வந்ததும், "மேல ஒரு ரூம் போட்டுட்டா உனக்கே ஆகும்ல" என்ற யோசனை வீட்டில் எழும். தாத்தா பெயரிலேயே கிடக்கும், பாகம் பிரிக்காத வீட்டில் உங்கள் பணத்தைச் சுவராக்காதீர்கள். நாளை பாகம் பிரிக்கும்போது அந்தச் சுவருக்குக் கணக்கு எழுதுவது கடினம். பழைய பிரெஞ்சுக் காலத்துப் பத்திரங்கள் உள்ள வீடுகளில் சிக்கல் இன்னும் கூடும். ஒழுகும் கூரையைச் சரிசெய்வது வேறு, அதைத் தாராளமாகச் செய்யுங்கள்.

அடுப்படி

இந்தப் பகுதியைக் கணவர்கள் இரண்டு முறை படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

வேலை போனது கணவனுக்கு. ஆனால் வீடு மாறியது மனைவிக்கு. அவன் பிறந்த வீட்டுக்கு, தெரிந்த தெருவுக்கு, சிறுவயது நண்பர்களிடம் திரும்புகிறான். அவள் தன் அடுப்படியை, தன் நேரத்தை, பல சமயம் தன் வேலையையும் விட்டுவிட்டு வருகிறாள். வந்த மறுநாளே நால்வருக்கோ ஆறு பேருக்கோ சமைக்கும் கடமையும் அவள் தலையில் விழுகிறது. "நீ சும்மாதானே இருக்கே, அம்மாவுக்கு ஒத்தாசையா இரு" என்பது வேலையில்லாத ஆண் தன் மனைவியிடம் சொல்லக் கூடாத முதல் வாக்கியம். சும்மா இருப்பது இருவரும்தான்.

செய்ய வேண்டியவை:

1. மாமியார் அடுப்படியில் டப்பாக்களை இடம் மாற்றாதீர்கள். உங்களுக்கு அது ஒழுங்கில்லாததாகத் தெரியலாம். இருட்டில் கைவிட்டாலும் பெருங்காயத்தை எடுக்கிற ஒழுங்கு அதில் இருக்கிறது.

2. முழுச் சமையலையும் மருமகள் ஏற்கவும் வேண்டாம், முழுவதுமாக ஒதுங்கவும் வேண்டாம். ஒரு வேளையைக் கேட்டு வாங்குங்கள். இரவு டிபன் நல்ல தேர்வு. "அத்தை, ராத்திரி சமையல் நான் பாத்துக்குறேன், நீங்க சீரியல் பாருங்க" என்றால் பெரும்பாலான மாமியார்களுக்குச் சம்மதம்தான். அந்த வேளைக்கு உப்பும் காரமும் உங்கள் கணக்கு.

3. கணவனுக்குக் குறைந்தது மூன்று நிலையான வேலைகள் வேண்டும்: தண்ணீர் பிடிப்பது, மார்க்கெட், இரவுப் பாத்திரம். காலையில் குபேர் அங்காடிக்குச் சைக்கிளில் போய் மீன் வாங்கி வந்தால் போதாது. ஆய்ந்து கழுவிக் கொடுப்பதும் அந்த வேலையில் அடக்கம். "ஆம்பளப் புள்ள பாத்திரம் தேய்க்குது" என்று அம்மா வருத்தப்பட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள், உங்கள் மனைவி அல்ல.

4. தூது போகாதீர்கள். "அம்மா சொல்றாங்க நீ லேட்டா எழுந்திருக்கியாம்" என்று வந்து சொல்வதும், "அவளுக்கு நீங்க பேசினது பிடிக்கலை" என்று அங்கே போய்ச் சொல்வதும் இரண்டு பக்கத்தையும் கெடுக்கும். அம்மாவிடம் ஒரு விஷயம் பேச வேண்டும் என்றால் அது உங்கள் கருத்தாகவே போகட்டும்: "நான்தாம்மா லேட்டா எழுப்பச் சொன்னேன்."

5. மனைவிக்கு வேலை இருந்து, அவள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்கிறாள் என்றால், அந்த நேரத்துக்கு அறைக் கதவு மூடியிருக்க வேண்டும். வந்தவர்களுக்குக் காபி போட அவளை எழுப்பக் கூடாது. இதையும் முதல் பத்து நாள் பேச்சில் சேர்த்துவிடுங்கள். வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் அது.

குறிப்பு: வாரத்துக்கு இரண்டு மாலையாவது இருவரும் வெளியே போய் நடங்கள். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகள் விடுவதில்லை. உப்பளத்திலிருந்து நடந்தே போகலாம், செலவும் இல்லை. 1826-இல் அமைத்த தாவரவியல் பூங்காவும் பக்கம்தான். வீட்டில் தாழ்ந்த குரலில் பேசிப் பேசி அடக்கிவைத்ததை வாய்விட்டுப் பேச ஓர் இடம் வேண்டும். போகும்போது "வர்றோம்மா, ஏழரைக்கு வந்துடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

பகல் பொழுது

வேலையில்லாத ஆண் பகல் முழுக்க வீட்டில் இருந்தால் அந்த வீட்டுப் பெண்களின் பகல் போய்விடுகிறது. மதியம் சற்றுக் கண்ணயரவோ அக்கம்பக்கத்தில் பேசவோ முடியாமல், அவருக்கு டீ, அவருக்குச் சாப்பாடு என்று கழியும். ஆகவே காலை 9.30-க்குக் குளித்து, சட்டை மாற்றி வெளியே கிளம்புங்கள்.

போக நல்ல இடம், ரோமன் ரோலண்ட் நூலகம். 1827-இல் தொடங்கியது, பாரதி பூங்காப் பக்கம். நாளிதழ் உண்டு, உட்கார மேசை உண்டு. மதியம் வரை அங்கே விண்ணப்பங்களை முடித்துவிட்டு வந்து சாப்பிடலாம்.

வேலை தேடும்போது:

1. முதல் ஆறு வாரம் உங்கள் பழைய துறையிலேயே தேடுங்கள். பிறகு வட்டத்தை விரியுங்கள்: மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு தொழிற்பேட்டைகள். நேரில் போய்க் கேட்டால் இன்றும் பலன் கிடைக்கும் இடங்கள் இவை.

2. வெள்ளி முதல் ஞாயிறு வரை நகரத்து விடுதிகளிலும் உணவகங்களிலும் ஆள் தேவை கூடுதல். வரவேற்பு மேசை, கணக்கு, சமையலறை என்று கிடைக்கும் வார இறுதி வேலையை இடைக்காலத்துக்கு எடுத்துக்கொள்வதில் எந்தக் குறைவும் இல்லை. பிரெஞ்சு பேசத் தெரிந்தவர்கள் அதைத் தன்விவரக் குறிப்பின் முதல் வரிகளிலேயே எழுதுங்கள்.

3. தெருவில் கேட்பார்கள். ஒரே பதிலை இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்: "கம்பெனில ஆள் குறைச்சிட்டாங்க. வேற பாத்துக்கிட்டிருக்கோம். உங்களுக்குத் தெரிஞ்ச இடம் இருந்தா சொல்லுங்க." கடைசி வாக்கியம் முக்கியம், கேட்டவரை அது உதவி செய்கிறவராக்கும்.

பாதுகாப்பு: வேலை தருவதற்கு முன்பணம் கேட்கிற எவரும் வேலை தரப் போவதில்லை. ஃபோனில் "வீடியோவுக்கு லைக் போட்டால் நாளுக்கு இவ்வளவு" என்று தொடங்கி முதலில் சிறு தொகையை அனுப்பி, பிறகு உங்கள் பணத்தைக் கட்டச் சொல்வது மோசடி. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 எண்ணுக்குச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு கூடும். வெளிநாட்டு வேலை என்றால் முகவர் அரசுப் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

வர வேண்டிய பணம்

பணிக்கொடை: ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு உரிமை. கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பிறகு ஆண்டுகளால் பெருக்குங்கள். 26,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 15,000, ஆறு ஆண்டுக்கு 90,000. உரியதான 30 நாளுக்குள் நிறுவனம் தந்தாக வேண்டும்.

வருங்கால வைப்பு நிதி: வேலையில்லாத காலத்தில் கணிசமான பகுதியை எடுக்கலாம். எவ்வளவு, எப்போது என்பதில் 2025 அக்டோபரில் அறங்காவலர் குழு மாற்றங்களை முடிவு செய்தது. எனவே நண்பர் போன வருடம் எடுத்ததை வைத்து முடிவெடுக்காமல், விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் இருக்கும் விதியைப் பாருங்கள். ஐந்து ஆண்டுக்கு முன் எடுத்தால் வருமான வரி வரும். எடுக்காமல் விட்டாலும் வட்டி ஏறும். ஓய்வூதியப் பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள். மொத்தப் பணிக்காலம் பத்து ஆண்டு சேர்ந்தால்தான் மாத ஓய்வூதியம். எடுத்துவிட்டால் அதுவரை சேர்ந்த ஆண்டுகள் போய்விடும். எடுக்காமல் திட்டச் சான்று வாங்கி வைத்தால் அடுத்த வேலையில் தொடரும்.

இ.எஸ்.ஐ.: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சந்தா கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரையும் பலன். அதாவது வேலை போன பிறகும் சில மாதம் மருத்துவ வசதி உண்டு. கோரிமேடு இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் கேளுங்கள். 2018-இல் வந்த அடல் பீமித் திட்டத்தில், வேலை இழந்தவருக்குச் சராசரி நாள் கூலியில் பாதியை 90 நாள் வரை, வாழ்நாளில் ஒரு முறை தருகிறார்கள். இது அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம், அதனால் கிளை அலுவலகத்தில் நடப்பு நிலையைக் கேட்டு விண்ணப்பியுங்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை.

கைக்கு வராத பணத்தை வைத்து எந்த வாக்கும் கொடுக்காதீர்கள். ஏ.எஃப்.டி. தொழிலாளர்கள் நிலுவைக்காக எவ்வளவு காலம் போராடினார்கள் என்பதைக் கடலூர் சாலையில் வளர்ந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

கடன் தவணை இருந்தால், தவறும் முன்பே வங்கிக்குப் போய்த் தவணைக் காலத்தை நீட்டிக் கேளுங்கள். வாரக் கடன், மீட்டர் வட்டி பக்கம் போக வேண்டாம். மனைவியின் நகையை அடகு வைக்க வேண்டிய நிலை வந்தால் அவள் மனமாரச் சொல்ல வேண்டும், ரசீது அவள் கையில் இருக்க வேண்டும். வைப்பு நிதியை எடுத்துக் கடை வைக்கும் யோசனையை ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள்.

அட்டை, பள்ளி

ஆறு மாதத்தில் கிளம்பிவிடுவோம் என்று உறுதியாகத் தெரிந்தால் எந்த அட்டையையும் மாற்ற வேண்டாம். அதற்கு மேல் என்றால்:

1. ஆதாரில் அப்பாவைக் குடும்பத் தலைவராகக் காட்டி அவர் ஒப்புதலோடு பிள்ளை முகவரி மாற்றலாம். பிறகு கணவனைக் காட்டி மனைவி மாற்றலாம்.

2. குடும்ப அட்டையில் பெயர் சேர்க்கும் முன் அம்மாவிடம் கேளுங்கள். புதுச்சேரியில் சிவப்பு அட்டைக்கு 20 கிலோ, மஞ்சள் அட்டைக்கு 10 கிலோ இலவச அரிசி. சிவப்பு அட்டையை ஒட்டிக் குடும்பத் தலைவிக்கு மாத உதவியும் வருகிறது. உங்கள் பெயரும் வருமானமும் சேர்வதால் அந்த அட்டைக்குச் சிக்கல் வருமா என்று குடிமைப் பொருள் துறையில் விசாரித்துவிட்டுச் செய்யுங்கள்.

3. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2024-25 முதல் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து வரும் பிள்ளைக்கு முதல் பருவம் சிரமமாக இருக்கும். மாற்றுச் சான்றிதழைக் கையோடு வாங்கி வாருங்கள்.

பெண் வீட்டுக்கு வருவதானால்

உப்பளம் மனைவியின் பிறந்த வீடாக இருந்தால் மேலே சொன்ன எல்லாம் பொருந்தும், பாத்திரங்கள் மட்டும் இடம் மாறும். மாப்பிள்ளைக்கு முதல் வாரம் விருந்து நடக்கும். அதை அவரே நிறுத்த வேண்டும்: "மாமா, இனிமே வீட்ல என்ன இருக்கோ அதையே சாப்பிடுறேன்." மச்சானோடு மார்க்கெட் போவது, மாமனாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது ஆகியவை நல்ல தொடக்கம். "வீட்டோட மாப்பிள்ளை" என்ற பேச்சைத் தெருவில் கேட்டால் அதற்கு வீட்டுக்குள் வந்து மனைவியிடம் கோபப்படாதீர்கள்.

ஆபத்து அறிகுறிகள்

குடி. புதுச்சேரியில் மது எளிதாக, அண்டை மாநிலத்தைவிட மலிவாகக் கிடைக்கிறது. பழைய நண்பர்கள் மாலையில் அழைப்பார்கள். "இன்னிக்கு நான் வாங்கித் தர்றேன்" என்பார்கள். வேலையில்லாத மாதங்களில் தொடங்கிய குடி வேலை கிடைத்த பிறகும் விடாமல் நிற்பதை இந்த ஊர் நிறையப் பார்த்திருக்கிறது. வேலை கிடைக்கும்வரை தொடுவதில்லை என்று முடிவெடுத்து அதை நண்பர்களிடம் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே கைமீறிப் போயிருந்தால் அரசு பொது மருத்துவமனையிலோ ஜிப்மர் மனநலப் பிரிவிலோ சிகிச்சை உண்டு.

மனச்சோர்வு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லாமல் இருப்பது, குளிக்காமல் படுத்தே கிடப்பது, "நான் இல்லேன்னா நல்லா இருப்பீங்க" என்ற பேச்சு. கடைசியாகச் சொன்னதைக் கேட்டால் தனியே விடாதீர்கள். டெலி-மானஸ் எண் 14416, இரவிலும் தமிழில் பேசுவார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 112.

கை ஓங்குதல். வேலை போன கோபம் என்று யாரும் இதற்குச் சமாதானம் சொல்ல இடம் கொடுக்காதீர்கள். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், அங்கே வாழ்ந்த மருமகளைச் சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் வெளியே தள்ள முடியாது. 181 பெண்களுக்கான உதவி எண். மனைவி தன் ஆதார், சான்றிதழ், வங்கி அட்டையைத் தன் பொறுப்பிலேயே வைத்திருக்கட்டும்.

வேலை கிடைத்து மறுபடி கிளம்பும்போது

1. நியமன ஆணை கைக்கு வந்த பிறகு சொல்லுங்கள். நேர்காணல் முடிந்ததுமே தெருவுக்குச் சொல்ல வேண்டாம்.

2. வேலை வெளியூரில் என்றால் சோதனைக் காலம் முடியும்வரை கணவனோ மனைவியோ ஒருவர் மட்டும் முதலில் போய், பகிர்ந்து தங்கும் அறையில் இருக்கலாம். ஆனால் உப்பளத்தில் தங்கப் போகிறவருக்கு அது சம்மதமா என்று கேட்டு முடிவெடுங்கள். மருமகள் தனியாக மாமியார் வீட்டில் ஆறு மாதம் இருக்க விரும்பாவிட்டால் அவளுடைய பிறந்த வீட்டுக்குப் போவதும் ஒரு வழி.

3. வாடகை வீட்டுக்கு அட்வான்ஸும், மூன்று மாதச் செலவும் சேர்ந்த பிறகு குடும்பத்தோடு கிளம்புங்கள். முதல் சம்பளத்தில் எல்லாவற்றையும் செய்யப் பார்த்தால் மறுபடி கடன்தான்.

4. மாதாமாதம் வீட்டுக்குக் கொடுத்துவந்த பணத்தைக் கிளம்பிய பிறகு குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து அனுப்புங்கள். நீங்கள் இருந்தபோது அப்பா தன் சேமிப்பிலிருந்து எடுத்துச் சமாளித்த தொகை இருக்கும். அவர் சொல்ல மாட்டார். அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு அதையும் தவணையாகத் திருப்பிவிடுங்கள்.

5. சாமான் ஏற்றும் நாளில் மாடி அறையை வெள்ளையடித்துக் கொடுங்கள். மீட்டர் அளவைக் குறித்துக்கொண்டு, அந்த மாதக் கரண்டு பில் வந்ததும் உங்கள் பங்கை அனுப்புங்கள்.